என் நெஞ்சிலிருந்து எடுத்த கடுகளவு சதை

ராசிபுரத்திலிருந்து ரெஜினா எழுதுகிறேன். ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்ல வந்திருக்கிறேன். சாட்சி சொல்கிறவர்கள் மல்லிகைப்பூ வாசனையோடு ஆரம்பிப்பார்கள். என் கதை நாற்றத்தில் ஆரம்பிக்கிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடத் தவக்காலத்தில் எனக்கு எதைப் பார்த்தாலும் குமட்டியது. சோறு கொதிக்கிற வாசனை ஆகவில்லை. பல் விளக்கினால் ஓங்கரிப்பு. சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் வாங்க வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற அம்மா தலையில் வைத்திருந்த தேங்காய் எண்ணெய் காறிப் போயிருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு கோவிலுக்கு வெளியே ஓடி, சைக்கிள் நிறுத்தும் இடத்தில் வாந்தி எடுத்தேன். இந்த வயதில் மறுபடியும் முழுகாமல் இருக்கிறாள் போல என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. எனக்கு வயது நாற்பத்து மூன்று. மகள் ஷெரின் பிளஸ் டூ பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். சீ என்று ஆகிவிட்டது.

வாந்தி மட்டும் என்றால் பரவாயில்லை. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. படுத்தால் நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பது போல இருந்தது. சாயங்காலம் பார்த்தால் கால் வீங்கிச் செருப்பின் வார் பதிந்திருக்கும். விரலால் அழுத்தினால் குழி விழும், எழும்பாது. என் காலைப் பார்க்க எனக்கே அருவருப்பாக இருந்தது.

என் வேலையைச் சொல்ல வேண்டும். ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகிற வழியில் ஒரு கோழிப்பண்ணையில் குஞ்சுக் கொட்டகைக்கு நான்தான் பொறுப்பு. பதினைந்து வருடமாக அந்த நாற்றத்தில்தான் இருக்கிறேன். பழகிவிடும் என்று சேர்ந்த அன்றைக்குச் சொன்னார்கள். இன்னும் பழகவில்லை. தினமும் காலையில் செத்துக் கிடக்கும் குஞ்சுகளைப் பொறுக்கி, அதில் இரண்டு மூன்றைக் கத்திரியால் கிழித்து உள்ளே பார்க்க வேண்டும். குடல் ரத்தமாக இருந்தால் ஒரு மருந்து. ஈரல் வீங்கியிருந்தால் வேறு மருந்து. அறுத்துப் பார்க்காமல் தண்ணீர்த் தொட்டியில் மருந்து கலக்கக் கூடாது என்பது எங்கள் முதலாளியின் சட்டம். மூக்கைச் சுளித்துக்கொண்டே செய்வேன். ஆனால் ஒழுங்காகச் செய்வேன்.

தவக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் எனக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்தன. பண்ணையில் எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். வயிறு நின்றது. அதற்குப் பிறகுதான் இந்தக் குமட்டலும் மூச்சிரைப்பும். காய்ச்சலும் விட்டு விட்டு வந்தது.

பார்க்கிறவர்களெல்லாம் வாயு என்றார்கள். நம் ஊரில் நெஞ்சு வலி என்றால் வாயுதான். ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். பூண்டைச் சுட்டுக் கொடுத்தார்கள். கோலி சோடாவில் உப்புப் போட்டுக் குடிக்கச் சொன்னார்கள். நான் அதையெல்லாம் குடித்து அதையெல்லாம் வாந்தி எடுத்தேன். நாமக்கல்லில் ஒரு கிளினிக்கிலும் வாயு என்றே சொல்லி ஊசி போட்டு அனுப்பினார்கள். அந்தக் கிளினிக் திரைச்சீலையில் யாரோ மூக்கைத் துடைத்து வைத்திருந்தார்கள். அது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

ஒருநாள் காலையில் செத்த குஞ்சைக் கையில் வைத்துக்கொண்டே கொட்டகையில் விழுந்துவிட்டேன். எங்கள் வீட்டுக்காரர் சூசைராஜ் முட்டை வண்டி ஓட்டுகிறார். அன்று கேரளா போயிருந்தார். முதலாளிதான் தன் காரில் சேலத்துக்குக் கொண்டு போனார். எச்சக்கறை பட்ட சேலையோடு அவருடைய சீட்டில் கிடந்தேன். மயக்கத்திலும் அந்த வெட்கம் தெரிந்தது.

சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரி. இசிஜி எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். ஹார்ட் அட்டாக் மாதிரி இருக்கிறது என்று அவசரமாகக் கை வழியாகக் குழாய் விட்டு ஆஞ்சியோ பார்த்தார்கள். அப்புறம் எக்கோ. எல்லாம் முடிந்து ஒரு டாக்டரம்மா வந்தார். குள்ளமாக, தூக்கம் போதாத கண்களோடு இருந்தார். சிரிக்கவும் இல்லை, பயமுறுத்தவும் இல்லை.

"ரத்தக் குழாய்ல அடைப்பே இல்லம்மா. ஆனா இதயம் பாதி பலத்துலதான் ரத்தத்தத் தள்ளுது. ஏன்னு கண்டுபிடிக்கணும்" என்றார்.

ஏதாவது மருந்து, மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்றும் கேட்டார். இல்லை என்றேன். நான் பொய் சொல்லவில்லை. அப்போது என் மனதில் அப்படித்தான் இருந்தது.

அடுத்த நாள் எம்ஆர்ஐ. நீளமான குழாய்க்குள் தள்ளினார்கள். உள்ளே தகரக் கொட்டகை மேல் கல் மழை பெய்வது மாதிரி சத்தம். மூச்சை இழு, பிடி, விடு என்று காதில் ஒரு குரல். பிடிக்கிற அளவுக்கு மூச்சு இருந்தால் நான் ஏன் அங்கே படுக்கிறேன்? கையில் ஏதோ மருந்து ஏற்றினார்கள். வாந்தி தொண்டை வரைக்கும் வந்தது. அந்தக் குழாய்க்குள் வாந்தி எடுத்தால் என் மூஞ்சி மேலேயே விழும் என்று நினைத்து விழுங்கிக்கொண்டேன். அன்றைக்கு நான் செபமாலை சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. வாந்தியை விழுங்கினேன்.

படத்தை டாக்டரம்மா காட்டினார். ஆயிரக்கணக்கில் கோழி நெஞ்சைப் பார்த்தவள் நான். என் நெஞ்சை அன்றுதான் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் தடிப்பாக இருந்தது. அதில் அங்கங்கே வெள்ளையாகப் பூசியது போலத் தெரிந்தது.

"இதயத் தசை அழற்சி. இந்த வெள்ளையெல்லாம் வீக்கம். எங்கன்னு படம் காட்டுது. எதனாலன்னு காட்டாது. வைரஸா இருக்கலாம். உங்க உடம்பே உங்க இதயத்தத் தாக்கலாம். ஒவ்வாமையா இருக்கலாம். ஒண்ணுக்குக் குடுக்கற மருந்து இன்னொண்ணுக்கு ஆகாது. கழுத்து வழியா கம்பி விட்டு, உள்ளயிருந்து துளியூண்டு சதை எடுத்துப் பாத்தாத்தான் நிச்சயமாத் தெரியும்" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்தக் கத்திரி, கிழியும் சத்தம், கையில் ஒட்டும் பிசுபிசுப்பு எல்லாம் நினைவுக்கு வந்தன.

"உசுரோட இருக்கற கோழிய யாரும் அறுத்துப் பாக்கறதில்லீங்க" என்றேன்.

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. அதற்குள் வந்து சேர்ந்திருந்த எங்கள் வீட்டுக்காரருக்குப் புரிந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நான் கையெழுத்துப் போடவில்லை. யோசித்துச் சொல்லுங்கள், ரொம்ப நேரம் யோசிக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா போனார்.

அதன் பிறகு என்னைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். அன்போடுதான் வந்தார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் நோயாளிக்குக் கால் இருந்தால் பாதிப் பேரைப் பார்த்ததும் ஓடிப்போவான். ஒருத்தி என் காலை அழுத்திக் குழி விழுகிறதா என்று பார்த்தாள். அழுத்திவிட்டு அதே விரலால் எனக்குக் கொண்டுவந்த திராட்சையைத் தின்றாள். இன்னொருத்தி, குடும்பத்தில் யாரோ செய்த பாவம் உன் மேல் வந்திருக்கிறது, யாரென்று யோசி என்றாள். யோசித்தேன். அவள் முகம்தான் ஞாபகம் வந்தது.

நாலாவது கட்டில்காரியின் வீட்டு ஆட்கள் கருவாட்டுக் குழம்பைத் திறந்தார்கள். அந்த நேரம் பார்த்து சவரிமுத்து பிரதர் வந்தார். எங்கள் பக்கத்தில் வீடு வீடாகச் செபக்கூட்டம் நடத்துகிறவர். அவர் கூட்டத்துக்கு நானும் போயிருக்கிறேன், அழுதிருக்கிறேன். இரண்டு கையையும் என் தலையில் வைத்து உச்சக் குரலில் செபித்தார். அவர் வாயிலிருந்து எச்சில் என் நெற்றியிலும் உதட்டிலும் தெறித்தது. துடைக்கவும் முடியவில்லை, கை சலைன் ஊசியோடு இருந்தது. ஒரு கட்டத்தில் நிறுத்தி, கறுப்பாக ஒரு உருண்டை என் நெஞ்சிலிருந்து வெளியேறிப் போவதைத் தான் பார்த்ததாகச் சொன்னார். சுற்றி நின்றவர்கள் ஆமென் என்றார்கள்.

"நோய் போயிருச்சும்மா. இனிமே இருதயத்துல கம்பி வுட்டா அது அவிசுவாசம். ஆண்டவரு குடியிருக்கற எடம் அது" என்றார்.

நான் அவர் வேட்டியில் வாந்தி எடுத்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் வருத்தப்பட்டேன் என்று சொன்னால் அது பொய்.

போகும்போது ஒரு பாட்டில் தண்ணீரைச் செபித்துக் கொடுத்துவிட்டுப் போனார். இதையே குடி, வேறொன்றும் வேண்டாம் என்றார். அந்தத் தண்ணீரில் நான் இன்னொன்றையும் கலந்து குடித்தேன். அதை அதன் இடத்தில் சொல்கிறேன்.

கறுப்பு உருண்டை போய்விட்டதாகச் சொன்ன மறுநாள் என் நிலைமை இன்னும் கெட்டது. துடிப்பு ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். பக்கத்தில் இருந்த மெஷின் கூவிக்கொண்டே இருந்தது. எங்கள் வீட்டுக்காரர் என் காதருகே குனிந்து, "ஏம்புள்ள, பிரதர் சொன்னாப்புல ஊட்டுக்குப் போயிரலாமா?" என்று கேட்டார். பயத்தில் கேட்டார். அவர் சட்டையில் உடைந்த முட்டையின் வாடை அடித்தது. பல நாளாக அதே சட்டை. அந்த மனுஷன் எனக்காக அழுகிறார், எனக்கு அவர் வாடைதான் தெரிகிறது. என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது. இப்படி நாறிக்கொண்டே சாகப்போகிறேன், ஷெரினுக்கு என் கடைசி ஞாபகமாக ஒரு வாந்திக் கிண்ணம்தான் இருக்கும் என்று நினைத்தேன். அதுதான் என் அடிமட்டம்.

அன்று மதியம் அவர் கட்டிலுக்குக் கீழே துண்டை விரித்துத் தூங்கிவிட்டார். பார்வையாளர் நேரம் இல்லை. யாரும் இல்லை. நான் செபித்தேன். சகோதரர்களே, சகோதரிகளே, அழகான செபம் இல்லை. இருந்தாலும் உள்ளபடியே எழுதுகிறேன்.

ஆண்டவரே, உம்மிடம் இனிமையாகப் பேச எனக்கு வரவில்லை. எல்லாம் நாறுகிறது. நானும் நாறுகிறேன். சுகம் கொடும் என்று கேட்கக்கூடத் தெம்பில்லை. என்னவென்று மட்டும் காட்டும். அந்த ஆள் பார்த்த உருண்டை எனக்கு வேண்டாம். கையில் எடுத்துப் பார்க்கிற மாதிரி காட்டும்.

சொல்லி முடித்ததும் நான் சொன்னது எனக்கே உறைத்தது. கையில் எடுத்துப் பார்க்கிற மாதிரி. அதைத்தானே அந்த டாக்டரம்மா கேட்டார்? நான் மாட்டேன் என்றதும் அதைத்தானே? பதினைந்து வருடமாக அறுத்துப் பார்க்காமல் மருந்து கலக்காதே என்று மற்றவர்களைத் திட்டுகிறவள், என் நெஞ்சுக்கு மட்டும் எவனோ பார்த்த தரிசனம் போதும் என்று கிடந்திருக்கிறேன். ஆண்டவர் சிலரை அன்பு காட்டி இழுப்பார். என்னை அருவருப்பைக் காட்டி இழுத்தார். அவருக்கு ஆளைத் தெரியும்.

எங்கள் வீட்டுக்காரரைக் காலால் தட்டி எழுப்பினேன். டாக்டரம்மாவைக் கூப்பிடச் சொன்னேன்.

பெரிய வியாழனன்று அந்தப் பரிசோதனை நடந்தது. மயக்க மருந்து இல்லை, வலது கழுத்தில் மரத்துப்போக ஊசி மட்டும். முகத்தை இடது பக்கம் திருப்பி, மேலே பச்சைத் துணி போர்த்தினார்கள். கழுத்து நரம்பு வழியாக ஒரு மெல்லிய குழாயைத் திரையில் பார்த்துக்கொண்டே நெஞ்சுக்குள் இறக்கினார்கள். அதன் நுனியில் எறும்பு வாய் மாதிரி ஒன்று இருக்கிறதாம். கிழிகிற சத்தத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். சத்தமே இல்லை. உள்ளே யாரோ லேசாகச் சுண்டி இழுத்தார்கள், நெஞ்சு ஒரு துள்ளல் துள்ளியது, அவ்வளவுதான். அப்படிச் சில முறை. இதில் நூற்றில் ஒருவருக்கோ என்னவோ ஓட்டை விழுந்துவிடும் ஆபத்தும் உண்டு என்று முன்பே சொல்லியிருந்தார்கள். எனக்கு விழவில்லை.

முடிந்ததும் பார்க்கலாமா என்று கேட்டேன். நர்ஸ் ஆச்சரியமாகப் பார்த்துவிட்டுச் சின்னக் குப்பியைக் காட்டினார். தண்ணீர் மாதிரி ஒரு மருந்தில் கடுகளவு சதைத் துணுக்குகள் மிதந்தன. என் நெஞ்சு. அந்தத் தவக்காலம் முழுவதும் எனக்குக் குமட்டாத ஒரே பொருள் அதுதான்.

பெரிய வெள்ளி விடுமுறை. ரிசல்ட் வரவில்லை. உயிர்ப்பு ஞாயிறன்று காலையில் பெரிய அற்புதம் நடந்தது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரிக்குப் பிரியாணி வந்தது. எனக்குத் துடிப்பு இன்னும் குறைந்து, கண் இருட்டி, ஐசியுவுக்கு மாற்றினார்கள். தற்காலிகமாகப் பேஸ்மேக்கர் வைத்தார்கள். ஷெரின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கையை ஆட்டினாள். நான் பதிலுக்கு ஆட்டினேனா என்று நினைவில்லை.

செவ்வாய்க்கிழமை டாக்டரம்மா வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதுவரை அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"உங்க இதயத் தசைக்குள்ள ஒவ்வாமை அணுக்கள் கூட்டமா இருக்கு. ரத்த டெஸ்ட்ல இது தெளிவாத் தெரியல, சதைல தெரிஞ்சிருச்சு. ஏதோ ஒண்ணு உங்க உடம்புக்கு ஒத்துக்கல. பெரும்பாலும் மருந்தா இருக்கும். நாட்டு மருந்து, பொடி, லேகியம், அடுத்தவங்க மாத்திரை, எதுனாலும் சரி. நல்லா யோசிங்க" என்றார்.

யோசிக்க வேண்டியதே இல்லை. பொடி என்ற சொல்லிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

இப்போது அதைச் சொல்கிறேன். குஞ்சுகளுக்கு ரத்தக் கழிச்சல் வந்தால் தண்ணீரில் கலக்குவதற்கு ஒரு வெள்ளைப் பொடி இருக்கிறது. எங்கள் பண்ணையில் ஆட்களுக்கு வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வந்தால் யாரும் மெடிக்கலுக்குப் போவதில்லை. அந்தப் பொடியில் ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் கலக்கிக் குடிப்போம். என்னோடு வேலை செய்கிற பாப்பாத்தியக்கா சொல்வாள், "கோழிக்கே கேக்குது, நமக்குக் கேக்காதா?" கேட்டது. பல வருடம் கேட்டது. தவக்காலத்துக்கு முன்னால் எனக்கு வயிறு நின்றதும் அதில்தான். பிறகு காய்ச்சல் விட்டு விட்டு வந்தபோதெல்லாம் மறுபடி மறுபடி குடித்தேன். ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகும் நிறுத்தவில்லை. இங்கே கொடுக்கிற மாத்திரை கேட்கவில்லை என்று, எங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லி ஒரு பொட்டலம் கொண்டுவரச் செய்தேன். ஐசியுவுக்குப் போகும் வரைக்கும் பிரதர் செபித்துக் கொடுத்த தண்ணீரில் அதைக் கலக்கிக் குடித்தேன். தண்ணீர் செபித்த தண்ணீர்தானே, பொடியின் கசப்பு தெரியாது என்று ஒரு கணக்கு. என்னைக் கொன்றுகொண்டிருந்ததை, நன்றாக வேலை செய்யட்டும் என்று சிலுவை போட்டுக் குடித்திருக்கிறேன்.

மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று டாக்டரம்மா கேட்டபோது இல்லை என்றேனே, அது ஏன் என்றால் அது எனக்கு மருந்தே இல்லை. மருந்து என்றால் மெடிக்கலில் வாங்குவது. இது பண்ணைச் சாமான்.

எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் எழுந்து போய் வார்டிலிருந்து எங்கள் கட்டைப் பையைக் கொண்டுவந்தார். துண்டுக்கும் பழைய சேலைக்கும் அடியிலிருந்து பொட்டலத்தை எடுத்து நீட்டினார். மேலே கொண்டையோடு ஒரு சேவல் படம் போட்டிருந்தது. டாக்டரம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் படித்தார்.

"இது கோழிக்குப் போடறதும்மா" என்றார்.

"ஆமாங்க. பண்ணையில எல்லாருமே திங்கறதுதானுங்க" என்றேன்.

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கடைசியாக எப்போது குடித்தீர்கள் என்று மட்டும் கேட்டார். சொன்னேன். பொட்டலத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையோடு கொண்டு போனார். இந்தச் சதையை எடுத்துப் பார்க்காமல் இருந்திருந்தால் நீங்கள் கடைசி வரைக்கும் அதைக் குடித்துக்கொண்டே இருந்திருப்பீர்கள் என்று கதவருகில் நின்று சொன்னார். திட்டுகிற குரலில் சொல்லவில்லை. அதுதான் ரொம்பக் குத்தியது.

அன்றே ஸ்டீராய்டு ஏற்றினார்கள். வைரஸாக இருந்தால் அது எனக்குக் கெடுதல் செய்திருக்கும் என்று பயந்துதான் அதுவரை ஏற்றாமல் வைத்திருந்தார்களாம். பொடி நின்றது, மருந்து ஏறியது. அந்த வாரத்துக்குள்ளேயே துடிப்பு ஒழுங்குக்கு வந்தது. பேஸ்மேக்கரை எடுத்துவிட்டார்கள். கால் வீக்கம் வடிந்து தோல் சுருங்கிக் கிடந்தது. ஒருநாள் காலையில் ஐசியு ஆயா யாருக்கோ காபி கொண்டு போனார். எனக்குக் குமட்டவில்லை. எனக்கும் வேண்டும் என்று கேட்டேன். கேட்டுவிட்டு அழுதேன். மாதக்கணக்கில் நாறிக்கொண்டிருந்த உலகம் காபி வாசனையோடு திரும்பி வந்தது. அந்த நிமிடம்தான் எனக்கு உயிர்ப்பு ஞாயிறு.

ஆவணி மாதம் மறுபடி எம்ஆர்ஐ எடுத்தார்கள். வெள்ளைப் பூச்சு போய்விட்டது. ஓர் ஓரத்தில் சின்னத் தழும்பு மட்டும் இருக்கிறது. அது இருக்கும் என்கிறார்கள். மாத்திரை இன்னும் சாப்பிடுகிறேன். உப்பைக் குறைத்துவிட்டேன். இந்த முறை குழாய்க்குள் படுத்துக்கொண்டு ஒரு செபமாலை முழுவதும் சொன்னேன், மூச்சைப் பிடிக்கச் சொன்னபோது பிடித்துக்கொண்டே.

சவரிமுத்து பிரதர் இப்போது என் கதையைக் கூட்டங்களில் சொல்கிறார். ராசிபுரம் சகோதரி ஒருவருக்கு இருதயத்தில் கறுப்பு உருண்டை இருந்தது, என் செபத்தில் அது போய்விட்டது என்கிறார். அதில் பொடி இல்லை, கழுத்துக் கம்பி இல்லை, வாந்தி எடுத்த வேட்டியும் இல்லை. பள்ளிபாளையத்தில் அதைக் கேட்டுவிட்டு ஒருவர், நெஞ்சு வலிக்கு ஆஸ்பத்திரி போகாமல் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தாராம். எனக்கு அதைக் கேட்டபோது பழைய குமட்டல் திரும்பி வந்தது. அதனால்தான் எழுதப் படிக்கச் சோம்பல்படுகிற நான் இதை எழுதுகிறேன். பிரதரையும் நேரில் பார்த்துச் சொல்லிவிட்டேன். நீங்கள் செபித்ததற்கு நன்றி, நீங்கள் பார்த்ததாகச் சொன்னதற்கு நன்றி இல்லை என்றேன். பங்குத்தந்தையிடமும் சொன்னேன். ஆண்டவர் பொய்யை வைத்துத் தன்னைப் பெரிதாக்கிக்கொள்கிறவர் இல்லை.

பண்ணைக்கு மூன்று மாதம் கழித்துப் போனேன். முதலாளியிடம் சொல்லி அந்தப் பொடியைப் பூட்டி வைக்கச் செய்தேன். பெண்களை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்தார்கள். கோழி மருந்து தின்று ரெஜினா கொக்கரிக்கிறாளா என்று ஒருத்தி கேட்டாள். சிரிக்கட்டும் என்று இருந்தேன். பாப்பாத்தியக்கா மட்டும், "பதினஞ்சு வருசமாத் திங்கறோம், ஒண்ணும் ஆவுலியே புள்ள" என்றாள்.

"எனக்கும் பதினஞ்சு வருசம் ஒண்ணும் ஆவுலீங்கக்கா" என்றேன்.

அவள் தீவன வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். இரண்டு நாள் கழித்து, மருமகளுக்குக் காய்ச்சல், முழுகாமல் வேறு இருக்கிறாள், கூட வருகிறாயா என்று கேட்டாள். மருமகளுக்கு அவளே வீட்டில் வைத்திருந்த பொடியைக் கலக்கிக் கொடுத்திருக்கிறாள். மூவரும் பஸ்ஸில் ராசிபுரம் வந்தோம். பாப்பாத்தியக்காவே டாக்டர் முன்னால் பொட்டலத்தை எடுத்து வைத்தாள். டாக்டர் சரமாரியாகத் திட்டினார். வெளியே வந்ததும், உங்கள் சாமியிடம் எனக்காகவும் ஒரு வார்த்தை சொல்லு என்றாள். பஸ் ஸ்டாண்டிலேயே சொன்னேன். பக்கத்தில் யாரோ பான்பராக் துப்பினார்கள். அதையும் மீறிச் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு இப்போது ஒரு பையன். மாரியம்மன் கோவிலில் அவனுக்கு மொட்டை போட்டார்கள், நானும் போயிருந்தேன்.

நான் அப்படியொன்றும் மாறிப் புனிதையாகிவிடவில்லை. இன்னும் எனக்கு அருவருப்பு சட்டென்று வரும். ஆனால் முன்பு அருவருப்பு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இப்போது திருப்பிக்கொள்வதில்லை. ஆஸ்பத்திரியில் யாராவது தனியாகக் கிடந்தால் போய் வாந்திக் கிண்ணத்தைப் பிடிக்கிறேன். மூக்கைச் சுளித்துக்கொண்டேதான் பிடிக்கிறேன். தலையில் கை வைத்துக் கத்துவதில்லை.

உங்களில் சிலர் இதைப் படிக்கும்போது ஏதோ ஒரு நோயோடு முழங்காலில் இருப்பீர்கள். கேளுங்கள், அவர் கேட்கிறார். வாசனையாகக் கேட்க வேண்டியதில்லை. நாறிக்கொண்டே கேளுங்கள். என்னவென்று காட்டும் என்று கேளுங்கள். அவர் காட்டும்போது அது உங்களுக்குப் பிடிக்காத கையாக இருக்கலாம், ஊசியும் கம்பியும் பிடித்த கையாக இருக்கலாம். தட்டிவிடாதீர்கள்.

கேட்டு முடித்ததும் எழுந்து அடுப்படி அலமாரிக்குப் போங்கள். மாட்டுக்கு வாங்கினது, கோழிக்கு வாங்கினது, பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்டது என்று ஒரு பொட்டலம் அங்கே இருக்கும். அதை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய் மேசையில் வையுங்கள். ரொம்ப வெட்கமாக இருக்கும். எனக்கும் இருந்தது, இதை எழுதும்போதும் இருக்கிறது. வெட்கப்படுவதற்கு நான் உயிரோடு இருக்கிறேன். ஆண்டவருக்கு நன்றி.